“ஹோம் மேட்ச்னா நம்ம ஊர்லதானே அத்தா நடக்கணும்?”

கோட்டக்குப்பத்தில் ஈ.சி.ஆரைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நடந்தால், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மணலில் நான்கு செருப்புகள் குத்தி வைக்கப்பட்டிருக்கும். அவைதான் கோல் போஸ்ட். அலை வந்து ஒரு செருப்பை இழுத்துப் போனால் ஆட்டம் நிற்கும். செருப்பு திரும்பக் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

2019 மார்ச் மாதம் அந்த மணலில் பையன்களோடு ஓடிய ஒரே பெண் பிள்ளைக்கு வயது பதிமூன்று. பிரான்ஸ் அணியின் நீல ஜெர்சி போட்டிருந்தாள். பாரிஸிலிருக்கும் மாமா, பிரான்ஸ் உலகக் கோப்பை ஜெயித்த 2018-ல் அனுப்பியது. பக்கத்தில் புதுச்சேரி. பிரான்ஸிலும் வளைகுடாவிலும் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர். அதனால் அந்த ஜெர்சி அங்கே அதிசயமில்லை.

அன்றைய அதிசயம், கரையில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த அவளுடைய அத்தாதான். குவைத்தில் ஏசி மெக்கானிக். பதினோரு வருடத்தில் மொத்தமாகக் கூட்டினால் பத்து மாதம் ஊரில் இருந்திருப்பார். மகளுக்குப் பல் முளைத்தது, விழுந்தது, சைக்கிள் ஓட்டியது எல்லாமே அவருக்குப் போன் திரையில்தான். ஒப்பந்தம் முடிந்து பிப்ரவரியில் வந்தவருக்கு அடுத்த விசா இன்னும் வரவில்லை. அது எப்போது வருமென்று தெரியாத நாள்கள் அவை.

வீட்டில் அம்மாவுக்கு அது கவலை. மகளுக்குத் திருவிழா.

ஒரு வாக்குறுதி

இருவருக்கும் நடுவில் ஒரு பழைய கணக்கு இருந்தது. 2018 மார்ச் 17. பெங்களூருவில் ஐ.எஸ்.எல் இறுதிப் போட்டி. சென்னையின் எஃப்.சி-யும் பெங்களூரு எஃப்.சி-யும் மோதின. மகள் வீட்டு டி.வி முன்னால், அத்தா குவைத்தில் கேம்ப் அறையில். நடுவில் போன். சுனில் சேத்ரி தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டு மகளை அழவைத்தார். பிறகு சென்னையின் வீரர் மெயில்சன் ஆல்வ்ஸ் இரண்டு முறை தலையால் முட்டினார், ரஃபேல் அகஸ்டோ ஒன்று அடித்தார். 3-2. சென்னைக்குக் கோப்பை, இரண்டாவது முறையாக.

அந்தச் சந்தோஷத்தில் அவர் சொல்லிவிட்டார். “அடுத்து இவங்க ஏ.எஃப்.சி. கோப்பை ஆடுவாங்க. வெளிநாட்டு டீமெல்லாம் சென்னைக்கு வரும். நான் ஊருக்கு வந்ததும் உன்ன நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

ஏ.எஃப்.சி. கோப்பை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் வேலை பார்த்த ஊரின் குவைத் எஸ்.சி. அணி 2009, 2012, 2013 என மூன்று முறை அதை வென்றது. 2013 அரையிறுதியில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை அந்த அணிதான் தோற்கடித்தது. அன்று கேம்ப்பில் ஒரு வங்காளித் தொழிலாளி சாப்பிடாமல் படுத்துக்கொண்டதை அவர் இன்னும் சொல்வார்.

ஆசியா பெரிய கண்டம். லெபனானிலிருந்து வட கொரியா வரைக்கும் எல்லா கிளப்பும் எல்லா கிளப்போடும் ஆட முடியாது. அதனால் போட்டியை மேற்கு, மத்திய, தெற்கு, கிழக்கு, ஆசியான் என ஐந்து பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். முதலில் அக்கம்பக்கத்து நாட்டு அணிகளோடு ஆட்டம். அதில் முதலிடம் பிடித்தால்தான் வெளிப் பகுதி அணிகளைப் பார்க்க முடியும். தெற்காசியாவுக்கு ஒரே ஒரு பிரிவு. நான்கு அணிகள். முதலிடத்துக்கு மட்டும் வழி. இரண்டாம் இடத்துக்கு எதுவும் கிடையாது.

மகள் இதையெல்லாம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள்.

அகமதாபாத்தில் ‘சொந்த ஊர்’

அந்தப் பிரிவுக்குள் நுழையவே முதலில் இலங்கையின் கொழும்பு எஃப்.சி-யை ஜெயிக்க வேண்டும். மார்ச் 6-ம் தேதி கொழும்பில் முதல் ஆட்டம், 0-0. மார்ச் 13-ம் தேதி அடுத்த ஆட்டம். சென்னையின் அணிக்கு அது சொந்த ஊர் ஆட்டம்.

அவர் பஸ் நேரமெல்லாம் விசாரித்துவிட்டார். கோட்டக்குப்பத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மதியம் ஏறினால் சாயங்காலம் போய்விடலாம். ராத்திரி பஸ் பிடித்தால் விடிவதற்குள் வீடு. டிக்கெட் எங்கே வாங்குவதென்று மகள்தான் போனில் தேடினாள். தேடியவள் முகம் மாறியது.

“அத்தா, அகமதாபாத்னு போட்டிருக்கு.”

“அது வேற மேட்ச்சா இருக்கும், பாரு.”

வேற மேட்ச் இல்லை. சென்னையின் எஃப்.சி-யின் ஏ.எஃப்.சி. கோப்பை ‘ஹோம்’ ஆட்டங்கள் குஜராத்தின் அகமதாபாத்தில். சென்னையிலிருந்து ரயிலில் போனால் 1,800 கிலோமீட்டருக்கு மேல். வெளியூர் ஆட்டம் என்று கொழும்புக்குப் போனார்களே, அது சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம். சொந்த ஊர் அதைவிடத் தூரம்!

“ஹோம் மேட்ச்னா நம்ம ஊர்லதானே அத்தா நடக்கணும்?”

அவரிடம் பதில் இல்லை. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது. “உங்க அத்தாவுக்கு மட்டும் வேலை நம்ம ஊர்லயா கெடைக்குது?”

மார்ச் 13-ம் தேதி இருவரும் போன் முன்னால் உட்கார்ந்தார்கள். படம் நின்று நின்று வந்தது. ஜெஜெ லால்பெக்லுவா அடித்த ஒரே கோலில் சென்னையின் பிரிவுக்குள் நுழைந்தது. கோல் விழுந்த நேரத்தில் போன் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தலை மட்டும் கேட்டார்கள். அப்புறம்தான் படம் வந்தது.

கடைசி இடத்திலிருந்து

இந்த அணி அந்த வருடம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய வருட சாம்பியன், 2018-19 ஐ.எஸ்.எல்லில் பத்து அணிகளில் பத்தாவது. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளிகள். சாம்பியன் என்ற தகுதியில் ஆசியாவுக்குப் போனவர்கள், போகும்போது சொந்த நாட்டிலேயே கடைசி.

மகளுக்கு இது அவமானமாக இருந்தது. பள்ளியில் பையன்கள் கேலி செய்தார்கள். அத்தாவுக்கு அப்படி இல்லை. வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளைக்கு, கடைசி இடத்திலிருந்து எழப் பார்க்கும் ஓர் அணி வேறு மாதிரித் தெரியும்.

காலையில் தெரிந்தவர்கள் வீடுகளில் ஏசி சர்வீஸ் பார்த்தார். ஏப்ரல், மே கோடையில் அந்த வேலை கிடைத்தது. டி.என். 16 நம்பர் போட்ட பழைய டூவீலரில் முத்தியால்பேட்டை வரைக்கும் போய் வருவார். தமிழ்நாட்டில் கிளம்பி, இரண்டு நிமிடத்தில் புதுச்சேரிக்குள் நுழைந்து, மதியச் சாப்பாட்டுக்குத் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடலாம். ‘வெளியூர் வேலை’ இவ்வளவு பக்கத்திலேயே இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார். வருமானம் போதாது என்பது இருவருக்கும் தெரியும். வளையல்கள் ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தன.

ஆட்டங்கள் நடந்தன. ஏப்ரல் 3-ம் தேதி அகமதாபாத்தில் மினர்வா பஞ்சாப்புடன் 0-0. ஏப்ரல் 17-ம் தேதி நேபாளத்தின் மனாங் மர்ஷ்யாங்டியை 2-0 என வென்றார்கள். ஏப்ரல் 30-ம் தேதி வங்கதேசத்தின் அபஹானி டாக்கா வந்தது. அந்தப் பிரிவிலேயே பலமான எதிரி. அனிருத் தாபா அடித்த கோலில் 1-0 என ஜெயித்தார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சென்னையின் முதலிடத்துக்கு வந்திருந்தது. மூன்று ஆட்டத்தில் ஏழு புள்ளிகள். ஒரு கோல்கூட வாங்கவில்லை.

மகள் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா முன் பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, “கணக்குப் பரீட்சை மார்க் இதவிடக் கம்மியா இருக்கே” என்றாள்.

நோன்பு மாதம்

மே 15-ம் தேதி டாக்காவில் ஆட்டம். கோட்டக்குப்பத்தில் ரமலான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. சாயங்காலமானால் தெருவெங்கும் நோன்புக் கஞ்சி வாசம். தூக்குவாளியோடு பிள்ளைகள் பள்ளிவாசல் பக்கம் ஓடும் நேரம். அன்று வீட்டில் விருந்தாளிகள். போனைத் தொட முடியவில்லை. தராவீஹ் தொழுகை முடிந்து அவர் திரும்பியபோது, வாசற்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

“3-2. தோத்துட்டோம்.”

“பரவால்ல விடு. ரெண்டு கோல் போட்டிருக்காங்கல்ல?”

“தோத்ததுல ரெண்டு போட்டா என்ன, பத்து போட்டா என்ன?”

“அப்படி இல்லமா. அந்த ரெண்டும் வெளியூர்ல போட்டது. அதுக்குத் தனி மதிப்பு இருக்கு.”

அன்று ராத்திரி அவர் அந்த விதியை விளக்கினார். இரண்டு அணிகள் சம புள்ளிகளில் முடித்தால், அவை இரண்டும் மோதிய ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். சென்னையின் 1-0, அபஹானி 3-2. கூட்டினால் 3-3. அப்போது வெளியூரில் யார் அதிகம் கோல் அடித்தார்கள் என்று எண்ணுவார்கள். அபஹானி அகமதாபாத்தில் ஒன்றும் அடிக்கவில்லை. சென்னையின் டாக்காவில் இரண்டு.

வெளியூரில் சம்பாதித்ததற்கு மதிப்பு அதிகம் என்ற விதி மகளுக்கு உடனே புரிந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் 26

பெருநாள் முடிந்தது. ஜூன் மாதம் விசா வந்தது. மெடிக்கல் பரிசோதனைக்கு அவர் சென்னைக்குப் போனார். 2019 ஜூனில் சென்னை எப்படி இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வற்றி, தெருத் தெருவாகக் காலிக் குடங்கள் தண்ணீர் லாரிக்கு வரிசை கட்டிய மாதம். மண்ணடியில் அவர் தங்கிய லாட்ஜில் ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணீர்தான் கொடுத்தார்கள். திரும்பும் முன் நேரு ஸ்டேடியம் வரைக்கும் போய், வெளியிலிருந்து ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். பூட்டிய கேட். கீழே எழுதியிருந்தார்: ‘இங்கதான் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன்.’

ஜூன் 19-ம் தேதி கவுகாத்தியில் மினர்வாவுடன் 1-1. அதே நாள் அபஹானி, மனாங்கை 5-0 என நொறுக்கியது. ஒரே ஆட்டம் மீதி. அபஹானிக்கு 10 புள்ளிகள், சென்னையினுக்கு 8.

நோட்டுக் கணக்கு இப்போது எளிது. ஜூன் 26-ம் தேதி சென்னையின் காத்மாண்டுவில் மனாங்கை ஜெயிக்க வேண்டும். கவுகாத்தியில் மினர்வாவுடன் ஆடும் அபஹானி ஜெயிக்கக் கூடாது. டிரா ஆனாலே போதும். இருவரும் 11 புள்ளிகள். டாக்காவில் அடித்த அந்த இரண்டு கோல், சென்னையினை முதலிடத்துக்குத் தூக்கிவிடும்.

அதற்கு அடுத்த சுற்றில் எதிரியாக யார் வரலாம் தெரியுமா? வட கொரியாவின் ‘ஏப்ரல் 25’ அணி. பியோங்யாங் போய் ஆட வேண்டி வரலாம். மகள் உலக வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். கோட்டக்குப்பத்து மணலில் யாரும் பியோங்யாங் என்ற பெயரை அதுவரை உச்சரித்ததில்லை.

அது புதன்கிழமை. வீட்டில் அவருடைய பெட்டி பாதி அடுக்கிய நிலையில் திறந்து கிடந்தது. ஊறுகாய் பாட்டில், பொடி வகைகள், இரண்டு கைலி. அதன் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் போனில் ஸ்கோர் பார்த்தார்கள்.

காத்மாண்டுவில் சென்னையின் 3-2 என வென்றது. தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள்.

கவுகாத்தியில் தொண்ணூறு நிமிடம் ஆகியும் 0-0.

மகள் எழுந்து நின்றுவிட்டாள். “முடிஞ்சுது அத்தா! போயிட்டோம்!”

“இரு. இன்ஜுரி டைம் இருக்கு.”

ஆட்டத்தில் யாராவது அடிபட்டு விழுந்தாலோ, ஆள் மாற்றினாலோ வீணாகும் நேரத்தைக் கடைசியில் சேர்த்துக்கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அபஹானியின் மாஸி சைகானி கோல் அடித்தார். 1-0. வங்கதேச கிளப் ஒன்று முதல் முறையாக இந்தச் சுற்றைத் தாண்டியது. அபஹானி 13, சென்னையின் 11. மூன்று வெற்றி, இரண்டு டிரா, ஒரே ஒரு தோல்வி. இரண்டாம் இடம். எதுவும் கிடையாது.

மகள் நோட்டை மூடி, திறந்து கிடந்த பெட்டிக்குள் வீசிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதது கோலுக்காக மட்டும் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

ஜூலையில் அவர் விமானம் ஏறினார். நோட்டு பெட்டியோடு குவைத் போய்விட்டது.

எதிரி நம்ம வீட்டுக்கு வந்தான்

அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் ராத்திரி மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எழுத்தில் இல்லை, கோபமான குரலில்.

“அத்தா, சைகானிய நம்ம டீம்லயே எடுத்துட்டாங்க!”

உண்மைதான். கடைசி நேரத்தில் வாசலை அடைத்த அதே மாஸி சைகானியை, 2019-20 சீசனுக்கு சென்னையின் ஒப்பந்தம் செய்திருந்தது.

“நான் கை தட்ட மாட்டேன்” என்றாள்.

அவர் பதில் அனுப்ப ஒரு நாள் எடுத்துக்கொண்டார். மறுநாள் கேம்ப்பில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு பேசினார்.

“அவன் காபூல்ல பொறந்தவன்மா. அங்க இருக்க முடியாமப் போய் ஜெர்மனியில வளர்ந்தவன். அப்புறம் நம்ம நாட்டுல மிசோரம், ஐஸ்வால் டீமுக்கு ஆடினான். அங்கேருந்து டாக்கா. இப்ப சென்னை. யாரு கூலி குடுக்குறாங்களோ அவங்களுக்கு ஒழுங்கா வேலை பார்க்குறான். தொண்ணூறு நிமிஷம் முடிஞ்சப்புறமும் பார்க்குறான். அது தப்பா?”

மகள் பேசவில்லை.

“நான் ஏசி மாட்டுற வீடு எதுவும் நம்ம வீடு இல்ல. அதுக்காக ஸ்க்ரூவ லூசாவா விட்டுட்டு வரேன்?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, “நோட்ட அனுப்பி வைங்க” என்றாள். அவள் கோபம் இறங்கியதற்கு அதுதான் அடையாளம்.

அந்த ஆகஸ்ட்டில் அபஹானி, டாக்காவில் ‘ஏப்ரல் 25’ அணியை 4-3 என ஜெயித்தது. பியோங்யாங் போய் 2-0 எனத் தோற்று வெளியேறியது. கடைசியில் நவம்பர் 4-ம் தேதி லெபனானின் அல்-அஹத் 1-0 என ‘ஏப்ரல் 25’-ஐ வென்று கோப்பையைத் தூக்கியது. பியோங்யாங்கில் நடக்க வேண்டிய இறுதிப் போட்டி அது. ஷாங்காய்க்கு மாற்றி, பிறகு மலேசியாவின் கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் கைவிட்டுப் போனது சென்னைக்கு மட்டும் இல்லை.

அம்மா எடுத்த முடிவு

நவம்பரில் ஒருநாள் அம்மா சொன்னாள். “உங்க அத்தா சொன்னது சொன்னதாவே கிடக்குது. நான் கூட்டிட்டுப் போறேன், வா.”

கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் வீட்டுக்காரர் கொடுத்த வாக்கு, வீட்டுக் கடன் மாதிரி. யாராவது ஒருவர் அடைக்க வேண்டும்.

2019 நவம்பர் 25, திங்கள்கிழமை. மதியமே பஸ் ஏறினார்கள். கோயம்பேட்டில் இறங்கி, மெட்ரோ ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பெரியமேடு. மகள் அதே பிரான்ஸ் ஜெர்சியில் இருந்தாள். “நீலம்தானே, போதும்” என்றாள் அம்மா. ஜூனில் பூட்டியிருந்த கேட் திறந்திருந்தது. மகள் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துக் குவைத்துக்கு அனுப்பினாள்.

எதிரி ஹைதராபாத் எஃப்.சி. சென்னையின் நிலைமை மோசம். அந்த சீசனில் நான்கு ஆட்டம் முடிந்து ஒரே ஒரு புள்ளி. ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

அன்றும் அப்படித்தான் போனது. பாதி ஆட்டம் 0-0. எண்பது நிமிடம் 0-0. கூட்டத்தில் சிலர் எழுந்து கிளம்பினார்கள். அம்மா மணி பார்த்தாள். மெட்ரோ பிடிக்க வேண்டும், ராத்திரி பஸ், நாளை பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டில் விட்டுவந்த மாமியார்.

“கிளம்பலாம்டி, தொண்ணூறு ஆச்சு. முடிஞ்சுபோச்சு.”

“இல்லமா. இன்ஜுரி டைம் இருக்கு.”

“அதுல என்ன ஆயிடப் போவுது?”

“அதுலதான்மா எல்லாம் ஆவும்.”

அம்மா பையை மறுபடி மடியில் வைத்தாள்.

90 + 2-வது நிமிடம். மால்டாக்காரர் ஆந்த்ரே ஷெம்ப்ரி அடித்தார். அந்த சீசனில் சென்னையின் அணியின் முதல் கோல். ஸ்டேடியமே எழுந்து நின்றது. மகள் நடுங்கும் கையால் குவைத்துக்கு வீடியோ கால் போட்டாள். அங்கே இன்னும் ஏழு மணி ஆகவில்லை. வேலை முடிந்து வந்த உடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார் அவர். திரையில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

90 + 5. ஹைதராபாத்தின் மேத்யூ கில்காலன் சமன் செய்தார். 1-1. மகளுக்கு ஜூன் 26 அப்படியே திரும்பி வந்தது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

90 + 7. லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ். 2-1.

இந்த முறை மகள் பார்க்கவில்லை. அம்மாதான் பார்த்தாள். கால்பந்தில் எத்தனை பேர் என்று தெரியாத அம்மா, போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, போட்டுட்டான்! போட்டுட்டான்ங்க!” என்று கத்தினாள். யார் போட்டது, எந்தப் பக்கம் போட்டது, எதுவும் அவளுக்குத் தெரியாது. சுற்றிலும் நீலச் சட்டைக்காரர்கள் குதித்தார்கள். அது போதுமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில்

நள்ளிரவு தாண்டி பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியே ஈரக்காற்று. மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து அம்மா போர்வையை இழுத்துவிட்டாள்.

“அந்த ஆப்கான்காரன் கதைய உங்க அத்தா எங்கிட்டயும் சொன்னாரு” என்றாள் தனக்குத்தானே போல. “அவனுக்கும் வீடுன்னு ஒண்ணு எங்கேயோ இருக்கும்ல?”

“இருக்கும்மா” என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல்.

மரக்காணம் தாண்டும்போது குவைத்திலிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. மூன்றே வார்த்தைகள். “எனக்கும் கேட்டுச்சுமா. நல்லா.”

அந்த அணி அந்த வருடம் கடைசி இடத்திலிருந்து எழுந்து இறுதிப் போட்டி வரைக்கும் போனது. 2020 மார்ச் 14-ம் தேதி கோவாவில், கொரோனா பயத்தில் ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் ஏ.டி.கே-யிடம் 3-1 எனத் தோற்றது. அடுத்த வாரமே வெளிநாட்டு விமானங்கள் நின்றன. அவர் அந்தக் கோடையில் ஊருக்கு வர முடியவில்லை. ஏ.எஃப்.சி. கோப்பை, 2024-ல் ‘சாம்பியன்ஸ் லீக் டூ’ என்று பெயர் மாறிவிட்டது. பெயர் மாறும்வரை சென்னையின் எஃப்.சி. இன்னொரு முறை அதில் ஆடவில்லை.

ஊருக்கு வந்த ஆள் ஒருவர் கையில் அந்த நோட்டு திரும்பி வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் மகள் எழுதிய புள்ளிப் பட்டியலுக்குக் கீழே அத்தாவின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது.

‘சென்னையின் - 11 புள்ளி. பாக்கி - ஒரு மேட்ச், நான் கூட்டிட்டுப் போக வேண்டியது.’

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஒவ்வொரு முறை அவர் லீவு கேட்கும்போதும் அவளிடமிருந்து முதலில் போவது சென்னையின் ஹோம் மேட்ச் தேதிகள்தான். எந்த ஊரில் நடக்கிறது என்பதை முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாள்.